ஒரு தடவை அழுத்தினால் போதும்

ஒரு சோப்பு வாங்கப் போகிறவரைக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆறு பெட்டி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், உட்கார நாற்காலி வரும், மின்விசிறி உங்கள் பக்கம் திரும்பும். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். நீங்கள் தாளையும் பேனாவையும் நகர்த்திவைத்து, "மனசுல இருக்கிறதை உங்க கையாலயே எழுதுங்கம்மா" என்று சொன்னபோதும் முதலில் வாயில் வந்தது இதுதான். அதனால் இங்கிருந்தே எழுதுகிறேன்.

நான் ஏழு முதியோர் இல்லங்களுக்குக் கூட்டாகச் சாமான் வாங்கித் தருகிற செயலாளர். பதினோரு வருடமாக இதே வேலை. அதற்கு முன்பு ஏழும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தன. பெரிய இல்லத்தில் நூற்று இருபது படுக்கை. கடைக்குட்டி இல்லத்தில் முப்பத்தாறு. கம்பெனிக்காரர்கள் பெரிய இல்லத்து மேலாளரிடம் குழைந்து குழைந்து பேசுவார்கள். கடைக்குட்டி இல்லத்திலிருந்து போன் போனால், "சார் வெளிய போயிருக்காரு" என்று பதில் வரும். ஏழும் சேர்ந்து நானூற்றுப் பதினெட்டுப் படுக்கை என்று ஆன நாளிலிருந்து அந்த சார் வெளியே போவதை நிறுத்திக்கொண்டார்.

இதில் நன்மை இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைக்குட்டி இல்லத்தில் முன்பெல்லாம் ஒரு வாக்கரை மூன்று பேர் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். கழிப்பறைக்குப் போகிற அவசரத்துக்கும் முறைதான். கூட்டில் சேர்ந்த முதல் வருடமே ஆளுக்கொரு வாக்கர் வந்தது. ரப்பர் கையுறையைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி மாட்டிக்கொள்வது நின்றது. சக்கர நாற்காலி மக்கர் செய்தால் ரிப்பேர்காரர் மறுநாளே வந்து நின்றார், ஒரு இல்லத்தைப் பகைத்தால் ஏழு இல்லத்தையும் பகைத்த மாதிரி என்று அவருக்குத் தெரியும். அந்த இல்லத்தின் தலைமை நர்ஸ் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா இதையெல்லாம் நாங்க கனவுலகூடப் பாத்திருக்க மாட்டோம்" என்றாள்.

அவள் என் நாத்தனார். என் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர், நாற்பத்து நாலு வயதாகியும் அது மாறவில்லை. என் பேச்சை நம்பித்தான் அவள் தன் இல்லத்தைக் கூட்டில் சேர்க்க நிர்வாகத்திடம் மன்றாடினாள். இப்போது இதே போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு அறை தள்ளி, அவளும் ஒரு தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுதப்போவது பொய் என்று சொல்லத்தான் நான் எழுதுகிறேன்.

கூட்டாக வாங்குவதில் தொல்லையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஏழு பேருக்கும் ஒரே சாமான்தான் வரும். ஒரு வருடம் கைவைத்த நாற்காலி வாங்கினோம். கடைக்குட்டி இல்லத்தில் கதவுகள் ஒடுக்கம், நாற்காலி உள்ளே நுழையவில்லை. நாற்காலியின் கைகளை அறுத்து எடுத்தோம். எழுந்திருக்கப் பிடிமானம் இல்லாமல் அங்கிருந்தவர்கள் திண்டாடினார்கள். தையல்காரம்மா என்று அங்கே ஒருவர் இருந்தார், "எங்களுக்கே கை கால் சரியில்லை, எங்க நாற்காலிக்கு மட்டும் எதுக்குக் கை?" என்று சிரித்தார். யாரும் அதைப் புகாராக எழுதவில்லை. சின்ன இல்லம் அனுசரித்துப் போகும், பெரிய இல்லம் அனுசரிக்காது. பதினோரு வருடத்தில் நான் கற்றது முக்கியமாக இதுதான்.

இன்னொரு தொல்லை, சரக்கை யாரும் சோதிப்பதில்லை. ஏழு பேர் வாங்கும்போது ஏழு பேரும் பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம். மற்ற ஆறு பேர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். எங்கள் வழக்கம், மாதிரிச் சரக்கைப் பெரிய இல்லத்தில் வைத்துப் பார்ப்போம், அங்கே சரி என்றால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒப்பந்தத்தில் ஒரு விதியும் உண்டு. ஒரு இல்லம் சரக்கைத் திருப்பினால் ஏழு இல்லமும் திருப்ப வேண்டும், பேசிய விலையும் அத்தோடு போச்சு. திருப்புவதற்கு முப்பது நாள் அவகாசம். இந்த விதியை எழுதியது நான். ஒற்றுமைக்காக எழுதினேன்.

போன வருடம் அழைப்பு மணி வாங்கினோம். பழைய கம்பி மணிகள் துருப்பிடித்துவிட்டன. புதியதில் கம்பி கிடையாது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு பொத்தான், படுக்கையின் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அழுத்தினால் நர்ஸ் அறையில் இருக்கிற பலகையில் அந்தப் படுக்கையின் எண் எரியும், கூடவே சத்தம் வரும். யார் எப்போது கூப்பிட்டார் என்று பதிந்துவைக்கிற பலகையும் இருந்தது. விலை கொஞ்சம் கூட என்பதால் ஏழில் நாலு இல்லங்கள் வேண்டாம் என்றன. வேண்டும் என்று கை தூக்கிய மூன்றில் சின்னவளின் இல்லமும் ஒன்று.

சோதனை நடந்த அன்று பெரிய இல்லத்தில் மேலாளர், கம்பெனிக்காரர், நான் மூவரும் இருந்தோம். இருபது பொத்தான்களை எடுத்துப் பட்பட்டென்று அழுத்தினோம். எல்லாம் எரிந்தன. அன்று மாலைக்குள் மற்ற ஆறு இல்லங்களின் கையெழுத்தும் வந்துவிட்டது. மணி வந்து இறங்கியதும் நர்ஸ்கள் படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். "ஒரு தடவை அமுக்குங்க, வந்துடுவோம். சும்மா சும்மா அமுக்கினா பலகை கத்திக்கிட்டே இருக்கும், யாரு கூப்பிடுறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது." நானும் ஒரு அட்டை அச்சடித்துத் தலைமாட்டில் ஒட்டச் செய்தேன். ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று அதில் எழுதியிருக்கும். வயதானவர்கள் குழந்தைகள் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். குழந்தைகள் சொன்னபடி கேட்பதில்லை, இவர்கள் கேட்டார்கள்.

பதினான்காம் நாள் பெரிய இல்லத்து மேலாளர் கூப்பிட்டார். "காலையில சிலது எரிய மாட்டேங்குதுன்னு நர்ஸ் சொல்றாங்க. எனக்கு இதைப் பெரிசாக்க இஷ்டம் இல்லை. ஆனா எங்க கமிட்டி ஏற்கெனவே தனியா வாங்கிக்கலாம்னு முணுமுணுத்துக்கிட்டு இருக்கு. பாத்து ஏதாவது பண்ணுங்க." அவர் விலகினால் அடுத்த பெரிய இல்லமும் விலகும். மிச்சம் இருக்கிற ஐந்தும் பழையபடி தனித்தனியாகப் போய் நிற்கும், மறுபடி வாக்கருக்கு முறை வரும். இதை நான் நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, அன்று என் தலையில் ஓடியது இதுதான்.

போய்ப் பார்த்தேன். பத்தில் ஒரு பொத்தானுக்கு ஒரு கோளாறு இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் யாரும் தொடாமல் விட்டால் அது தூங்கிவிடும், அப்புறம் அழுத்தினால் பலகை எரியாது. சோதனையில் நாங்கள் அடுத்தடுத்து அழுத்தியதால் அது எங்களுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்காரர் மறுக்கவில்லை. "முழு லாட்டையும் திருப்பி அனுப்புங்க மேடம், தாராளமா. புதுசு வர நாலு மாசம் ஆகும், ரேட்டு மட்டும் பழைய ரேட்டா இருக்காது" என்றார். அவர் பேச்சில் ஒரு குற்றமும் இல்லை.

நான் திருப்பவில்லை. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, பராமரிப்புப் பார்வை என்று சொல்லி ஒன்பது நாளில் ஏழு இல்லத்துக்கும் போனேன். ஒவ்வொரு படுக்கையிலும் பொத்தானை இரண்டு மூன்று மணி நேரம் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு அழுத்தினேன். தூங்குகிற பொத்தான்கள் மொத்தம் நாற்பத்தொன்று. கையிருப்பில் பத்து நல்ல பொத்தான்கள் இருந்தன, அவற்றைப் பெரிய இல்லத்தில் மாட்டிவிட்டு, கழற்றிய பத்தை என் அலமாரியில் போட்டுப் பூட்டினேன். மீதி முப்பத்தொன்றில் நாலு முதலிலிருந்தே கடைக்குட்டி இல்லத்தில் இருந்தன. இருபத்தேழை வெளியிலிருந்து கொண்டுபோய் அங்கே கட்டினேன். அங்கே கழற்றிய இருபத்தேழு நல்ல பொத்தான்கள் மற்ற இல்லங்களுக்குப் போயின.

ஏன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தாய் என்று கேட்பீர்கள். கெட்டதை ஏழு பேருக்கும் பங்கு போட்டால் ஏழு புகார் வரும். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு புகார்தான் வரும், அதுவும் என் நாத்தனாரிடமிருந்து. வீட்டு மனுஷி என்றால் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம்.

முப்பத்தாறு படுக்கையில் ஐந்துக்கு நல்ல பொத்தான் மிஞ்சியது. அதை யாருக்குக் கட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வருகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். மகனோ மகளோ வாராவாரம் வந்து பார்க்கிற ஐந்து பேரின் படுக்கையில் கட்டினேன். தையல்காரம்மாவின் பக்கத்தில் மூன்று வருடமாக ஒரு பெயரும் இல்லை. நான் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்த்து, "எனக்குப் புதுசா மாத்துறியாம்மா? நல்லா இருப்பே" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றியிருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

முப்பது நாள் அவகாசம் முடிந்தது. ஆறு இல்லங்களிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சின்னவள் மட்டும் போன் செய்தாள்.

"அண்ணி, இந்த மணி சரியில்லை. சில நேரம் இங்க இருக்கிறவங்க, கூப்பிட்டோம், நீ வரலேங்கிறாங்க. பலகையில எதுவும் எரியல."

"பேட்டரி மாத்திப் பாரு."

"மாத்திட்டேன். நான் அமுக்கிப் பாத்தா நல்லாத்தான் எரியுது."

"அப்புறம் என்ன? அவங்களுக்கு விரல்ல பலம் இல்லாம இருக்கும்."

"இருக்கலாம். இருந்தாலும் புகார் புத்தகத்துல எழுதிவைக்கட்டுமா?"

"எழுதினா ஏழு பேரும் திருப்பிக் கேட்பாங்க, பேச்சுதான் வளரும். கொஞ்சம் பொறு, நான் பாத்துக்கறேன்."

அவள் பொறுத்தாள். நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள். சந்தேகம் வந்த ஆட்களின் பக்கத்தில் மணிக்கொரு தடவை நடந்து பார்த்துக்கொண்டாள். அவளோடு இரண்டே பேர் வேலை செய்தார்கள், அதனால் எல்லோருடைய பக்கத்திலும் நடக்க முடியவில்லை.

முதலில் போனவர் லிஃப்ட் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார், யாரும் வரவில்லை என்று தானாகவே கழிப்பறைக்குப் போகப் பார்த்தார். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பதினெட்டு நாள் கிடந்து இறந்தார். வயதானவர் விழுந்தார் என்றால் யாரும் எதையும் துருவுவதில்லை.

அடுத்தது தையல்காரம்மா. மத்தியானம் இரண்டரை மணி. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்கிற நேரம். அவருக்கு மூச்சுத் திணறல் உண்டு, மருந்துக் குழலை நர்ஸ்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். சின்னவள் இருபதடி தள்ளி, பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்து மாலை மாத்திரைகளைக் கிண்ணங்களில் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குப் போனபோது அந்த அம்மாவின் கட்டைவிரல் பொத்தான் மேல் அப்படியே இருந்தது.

பக்கத்துப் படுக்கைக்காரர் சாட்சி சொன்னார். "அமுக்கினாங்க, நான் பாத்தேன். இன்னொரு தடவை அமுக்குங்கன்னு சொன்னேன். ஒரு தடவைதான் அமுக்கணும், பாவம் அந்தப் பொண்ணு வேலையா இருக்கும்னாங்க."

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தூங்குகிற பொத்தானை எழுப்புவது சுலபம். இன்னொரு தடவை அழுத்தினால் போதும். முதல் அழுத்தலில் அது விழித்துக்கொள்ளும், இரண்டாவதில் கூப்பிடும். பெரிய இல்லத்தில் பார்த்த முதல் நாளே எனக்கு இது தெரியும். சின்னவள் போன் செய்தபோது, இரண்டு தடவை அழுத்தச் சொல் என்று நான் சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். தலைமாட்டு அட்டைகளை மாற்ற வேண்டும். மற்ற இல்லங்களுக்கு ஒரு தடவை, இங்கே மட்டும் இரண்டு தடவையா என்று பேச்சு வரும். அதனால் சொல்லவில்லை.

நிர்வாகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வைத்தது. பலகையில் சத்தத்தை அடக்குகிற ஒரு விசை உண்டு. சின்னவள் அதைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள் என்று சந்தேகப்பட்டார்கள். தையல்காரம்மாவின் பொத்தானைக் குழுவின் முன்னால் சோதிக்க வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். கொள்முதல் செயலாளர்தானே பொறுப்பு. அந்த இல்லத்து அலமாரியில் எடுத்துவைத்திருந்ததை நான்தான் கொண்டுபோனேன். வராந்தாவில் நடந்து போகும்போது பைக்குள் கைவிட்டு ஒரு தடவை அழுத்தினேன். குழு உட்கார்ந்திருந்த நர்ஸ் அறைக்குள் போய் மேசைமேல் வைத்து, எல்லோரும் பார்க்க இரண்டாவது தடவை அழுத்தினேன். பலகை பளிச்சென்று எரிந்து கத்தியது. சின்னவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். எரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் சமைத்துப் போட்டேன். சாப்பிடும்போது, "ஒருவேளை எனக்குத்தான் காது கேக்கலையோ அண்ணி?" என்றாள். காது டாக்டரிடம் போனாள். குறை ஒன்றும் இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அதை நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனாள். வீட்டில் என் கணவரைப் பக்கத்து அறையில் நிற்கச் சொல்லி டம்ளரை ஸ்பூனால் தட்டச் சொல்வாள். இவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணுவாள். "பதினாலு" என்பாள். பதினான்குதான். "சரியாத்தானே இருக்கு, விடேன்" என்று அண்ணன் அதட்டினால், "இன்னும் ஒரே ஒரு தடவைண்ணா, மெதுவா" என்பாள். நான் அடுப்பு மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்றேன். இது மூன்று வாரம் நடந்தது.

அப்புறம் ஒரு நாள் டம்ளரை எடுக்கவில்லை. "நான்தான் விசையைப் போட்டிருப்பேன்" என்றாள். "ஞாபகம் இல்லை. ஆனா போட்டிருக்கணும். இல்லேன்னா அந்த அம்மா கூப்பிட்டு எனக்குக் கேக்காம எப்படிப் போகும்? நான் அங்கேயேதானே இருந்தேன்." என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இதைத்தான் அவள் இப்போது அந்த அறையில் உங்கள் ஆளிடம் எழுதிக் கொடுக்கப் போகிறாள்.

அது பொய். அவள் விசையைத் தொடவில்லை, அவள் காதில் குறை இல்லை, அன்று அவள் தூங்கவும் இல்லை. கெட்ட பொத்தான் என்று தெரிந்தே அந்தப் படுக்கையில் கட்டியது நான். யாரும் தேடி வராதவர் என்று பார்த்துக் கட்டியது நான். எழுப்புகிற வழி தெரிந்தும் வாயைத் திறக்காதது நான். குழுவின் கண்ணில் மண்ணைத் தூவியதும் நான். மீதிப் பொத்தான்கள் இன்று காலை வரை அதே படுக்கைகளில்தான் தொங்குகின்றன, இரண்டு தடவை அழுத்துங்கள் என்று அங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை. இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் வக்கீல் வைக்கப் போவதில்லை.

இத்தனை நாள் சொல்லாமல் இன்று ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சின்னவள்தான் காரணம். அவள் எனக்குத் தங்கை மாதிரி, செய்யாத குற்றத்துக்கு அவள் உள்ளே போவதை என்னால் பார்க்க முடியாது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த இல்லத்தின் உரிமத்தை மாதக் கடைசியில் ரத்து செய்துவிடுவார்கள் என்று நேற்று கடிதம் வந்தது. அப்புறம் ஆறு இல்லங்கள், முன்னூற்று எண்பத்திரண்டு படுக்கைதான். மெத்தை வாங்கப் பேசி முடித்திருக்கிறோம், நானூறுக்குக் குறைந்தால் அந்த விலைக்குத் தர மாட்டார்கள். அதனால் இந்த வாக்குமூலத்தைத் தயவுசெய்து பதினைந்தாம் தேதிக்குள் மேலே அனுப்பிவையுங்கள், உரிமம் தப்பிக்கும். அந்த இல்லத்துக்கு வழக்கம்போல முப்பத்தாறு என்றே போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆர்டரில் யாரும் ஆட்களைக் கேட்பதில்லை சார், படுக்கையைத்தான் கேட்பார்கள்.